கழுக்குன்றத்துக்குக் கழுகுகள் ஏன் வரவில்லை?

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ளது திருக்கழுக்குன்றம். தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரையும் திரிபுரசுந்தரி அம்பாளையும் வணங்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, மலைமேல் வேதகிரீஸ்வரரைத் தரிசித்து இறங்குவது மரபு. இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த பக்தர்களில் பலர், சிறு பிராயத்தில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியிருப்பார்கள். அவர்களுக்கு நினைவில் நிற்பது வேறொரு காட்சி. உச்சிப்பொழுது நெருங்கும் வேளையில் ஒரு பாறையின்மேல் பூசகர் அமுதுடன் காத்திருப்பார். சுற்றிலும் கூட்டம் பேச்சடங்கி வானத்தை நோக்கும். எங்கிருந்தோ இரண்டு வெண்ணிறப் பறவைகள் வட்டமிட்டு இறங்கும். அரிசியும் கோதுமையும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த அமுதை அவர் கையருகே வந்து உண்ணும். உண்டபின் எழும்பிப் பறந்துவிடும். எஞ்சியது பிரசாதம்.

1990களின் பிற்பகுதியோடு அந்தக் காட்சி நின்றுபோயிற்று. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறும் தாத்தா பாட்டிகளிடம் குழந்தைகள் கேட்கிறார்கள்: "கழுகு ஏன் வரவில்லை?" ஊரில் நெடுங்காலமாக வழங்கிவரும் விடை ஒன்று உண்டு. கூட்டத்தில் பாவம் செய்தவர் இருந்தால் பறவைகள் அன்று இறங்கா என்பார்கள். வராத நாள்களுக்குச் சொல்லிவந்த அந்தச் சமாதானத்தை, வராத ஆண்டுகளுக்கும் சொல்லிவிடுகிறார்கள். குழந்தைக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆயினும் இந்தக் கேள்விக்கு அறிவியலின் வழியே வேறொரு விடையும் கிடைக்கிறது.

முதலில் பறவை எது என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கழுகு என்றதும் இக்காலத்தவர் மனத்தில் தோன்றுவது இரையைத் துரத்திப் பிடிக்கும் வேட்டைப் பறவை. குன்றுக்கு வந்தவை அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. இறந்த உடல்களை உண்டு வாழும் பிணந்தின்னிக் கழுகு இனம் அது. சங்கப் பாடல்களில் பாறு, எருவை என்னும் பெயர்கள் இவ்வகைப் பறவைகளைக் குறிக்கும். வடமொழியில் இதற்குக் கிருத்ரம் என்று பெயர். சீதாபிராட்டிக்காக இராவணனோடு போரிட்டுச் சிறகிழந்த ஜடாயுவை வால்மீகி கிருத்ரராஜன் என்றே குறிப்பிடுகிறார். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியிலும், புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் ஸ்ரீராமன் அந்திமக்கிரியை செய்ததாகப் போற்றப்படுவது இந்த இனத்துப் பெரியவருக்குத்தான். பிணம் தின்னும் பறவை என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

குன்றுக்கு வந்த குறிப்பிட்ட வகையைத் தமிழில் மஞ்சள்முகப் பாறு என்கிறார்கள். உடல் வெண்மை, சிறகின் ஓரம் கறுப்பு, முகம் மட்டும் மஞ்சள் பூசியதுபோல் இருக்கும். சுமார் இரண்டு கிலோ எடை. சிறகை விரித்தால் ஐந்தடிக்குமேல். இதன் இந்தியக் கிளையினத்துக்கு விலங்கியலார் சூட்டிய லத்தீன் பெயரில் நம் செஞ்சி ஒளிந்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் இதைச் 'செஞ்சிக் கழுகு' என்ற பொருள்படும் பெயரில் வருணித்தார். அதை ஒட்டி 1790இல் ஆங்கிலேய அறிஞர் லேதம் 'ஜிஞ்ஜினியானஸ்' என்று பெயரிட்டார். உலகில் எந்த மூலையில் பறவை நூல் அச்சானாலும், இந்தியாவின் இந்தப் பாறு இன்றும் செஞ்சியின் பெயரோடுதான் குறிக்கப்படுகிறது.

தலபுராணம் சொல்வது இது. சிவபெருமானின் சாபத்துக்கு ஆளான எண்மர், யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் இத்தலத்து இறைவனை வழிபட்டு விமோசனம் பெற வேண்டும். திரேதாயுகத்தில் சம்பாதியும் ஜடாயுவும் பூசித்தனர். கலியுகத்துக்கு உரியவர்கள் சம்பு, ஆதி என்னும் இருவர். காலையில் காசியில் கங்கையில் நீராடி, நண்பகலில் இங்கு அமுதுண்டு, மாலையில் இராமேஸ்வரம் செல்வதாக ஐதீகம். காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 1,800 கி.மீ. தொலைவு. வலசை போகும் காலத்தில் இப்பறவை ஒரு நாளில் சில நூறு கி.மீ. பறக்கும், அதற்குமேல் இல்லை. ஐதீகத்தை அளவுகோல் கொண்டு அளப்பது முறையாகாது. அது சொல்ல வந்தது தூரத்தை அன்று. காசியையும் இராமேஸ்வரத்தையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டுவிடத் துடித்த ஒரு சமூகம், அந்தப் பாக்கியத்தை நாள்தோறும் பெற்ற இரு பறவைகளுக்குச் சோறிட்டு மகிழ்ந்தது.

அளக்கக்கூடியவை வேறு இருக்கின்றன. அவற்றுக்கு இயற்கை தரும் விளக்கங்கள் ஐதீகத்துக்குக் குறைந்த வியப்பைத் தருபவை அல்ல.

எத்தனை காலமாக வந்தன? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடியபோதே ஊரின் பெயர் கழுக்குன்றம். அப்பரும் சுந்தரரும் மாணிக்கவாசகரும் அதே பெயரால்தான் பாடுகிறார்கள். ஆகவே குன்றுக்கும் கழுகுக்கும் உள்ள உறவு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாதது. அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள்கூட 17ஆம் நூற்றாண்டில் இம்மலையேறி வந்து, குடைவரை மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் கிறுக்கும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

ஏன் இரண்டு மட்டும்? மஞ்சள்முகப் பாறு இணையாக வாழும். ஒரு பாறைப் பகுதியைத் தனக்கென வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். வேற்றுப் பறவைகளை அண்ட விடாது. இணையில் ஒன்று மறைந்தால் இன்னொரு பறவை வந்து அவ்விடத்தை நிரப்பும். பார்ப்பவர் கண்ணுக்கு அதே இரண்டு பறவைகள். உண்மையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வாரிசுரிமை.

ஏன் உச்சிவேளையில்? இந்த இனப் பறவைகள் சிறகடித்து உழைத்துப் பறப்பதில்லை. வெயில் ஏற ஏறப் பாறையும் தரையும் சூடாகி, வெப்பக்காற்று மேலே எழும். அந்தக் காற்றில் சிறகை விரித்து ஏறி, அப்படியே மிதந்து போகும். காலை இளம்வெயிலில் அதற்கு வழியில்லை. முற்பகல் கழிந்தபின் மொட்டைப் பாறைக் குன்றின்மேல் எழும் காற்று அவற்றுக்கு ஏணி போன்றது. கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு மணியடிக்கும் நேரமும் பறவை வானிலேறும் நேரமும் ஒன்றாக அமைந்தன. நாள் தவறாமல் உணவும் கிடைத்ததால் அந்த நேரம் நிலைபெற்றது.

பிணம் தின்னும் பறவை சர்க்கரை அமுதை உண்ணுமா என்று கேட்பவர்களும் உண்டு. மற்றப் பாறுகள் உண்ணா, இது உண்ணும். பெரிய பாறுகள் கிழித்தெறிந்ததில் எஞ்சியதையும், முட்டையையும், அழுகிய பழத்தையும், குப்பையில் கிடப்பதையும் உண்டு வாழும் எளிய பறவை இது. ஆப்பிரிக்காவில் தீக்கோழியின் முட்டை கிடைத்தால், அலகில் கல்லை எடுத்து எறிந்து ஓட்டை உடைக்கும். கருவியைக் கையாளத் தெரிந்த மிகச் சில பறவைகளுள் இதுவும் ஒன்று. முகத்தின் மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் தேடியபோது, 2002இல் கிடைத்த விடை பசுஞ்சாணம். புல்லில் உள்ள மஞ்சள் நிறமி சாணத்தில் எஞ்சியிருக்க, அதைத் தின்றுதான் இப்பறவை முகத்துக்கு மெருகேற்றிக்கொள்கிறதாம்.

பசுவுக்கும் பாறுக்கும் உள்ள தொடர்பு அத்தோடு நிற்கவில்லை. ஒருகாலத்தில் உலகிலேயே பாறுகள் மிகுந்திருந்த நாடுகளுள் முதன்மையானது இந்தியா. 1980களில் அவை கோடிக்கணக்கில் இருந்தன. காரணம் நம் கால்நடைகள். பெரும்பாலான குடும்பங்கள் பசுவைக் கொன்று தின்பதில்லை. முதுமையுற்று இறந்தால் ஊர்ப்புறத்துத் திடலில் கொண்டுபோய்ப் போடுவார்கள். பாறுக் கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டுமே மிஞ்சும். அதன் இரைப்பை அமிலம் அடைப்பான் நோய்க் கிருமியையும் அழித்துவிடும் வலிமை கொண்டது. கூலி கேட்காத துப்புரவுப் பணி அது.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் கழுத்தைத் தொங்கவிட்டு, மரக்கிளையில் சோர்ந்து அமர்ந்து, பொத்தென்று விழுந்து இறப்பதை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்தார். பிற பகுதிகளிலும் அதே கதை. தொற்றுநோய் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். அண்டை நாடான பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞரின் குழு, இறந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்தது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பறவை உண்பது மாட்டிறைச்சி. மாட்டுக்குள் என்ன போகிறது என்று மருந்துக் கடைகளில் விசாரித்தார்கள். விடை 2004இல் வெளியாயிற்று. சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளை ஆராய்ந்ததில் 25இலும் ஒரே மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட அது இல்லை. கணக்கு இவ்வளவு சுத்தமாக நேராவது ஆராய்ச்சியில் அரிது.

அந்த மருந்து டைக்ளோஃபெனாக். வாசகர்களுக்கு இது புதிய பெயராக இராது. மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரையிலும், முழங்காலில் தடவிக்கொள்ளும் களிம்பிலும் உள்ளது இதுவே. மலைப்படி ஏறுமுன் அதைத் தடவிக்கொண்டு ஏறியவர்களும் இருக்கக்கூடும். மனிதருக்கு நன்மை செய்யும் இம்மருந்து, 1990களில் விலை மலிந்து கால்நடை மருத்துவத்துக்குள் நுழைந்தது. காய்ச்சலும் வீக்கமும் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டால் வலி உடனே தணிந்தது. உழவரும் கால்நடை வைத்தியரும் விரும்பிப் பயன்படுத்தினர். ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்துவிட்டால், அதை உண்ணும் பாறுகளும் இறக்கும். நாயும் காக்கையும் தாங்கிக்கொள்ளும். பாறுவின் சிறுநீரகம் தாங்காது. ஒரு சடலத்தில் ஒரு பெருங்கூட்டமே உண்பதால், நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. மஞ்சள்முகப் பாறுவும் அதே ஆண்டுகளில் வேகமாக வீழ்ந்து, 2007இல் உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

திருக்கழுக்குன்றத்துப் பறவைகள் வராமற்போனதும் இதே காலத்தில்தான். அந்த இரண்டு பறவைகளின் முடிவும் இதுவே என்பது ஊகம். நாடு முழுவதும் நிகழ்ந்ததைப் பார்க்கையில் தள்ளிவிட முடியாத ஊகம். இதில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. இதைச் செய்தவர் எவரும் பறவைக்குத் தீங்கு நினைத்தவரல்லர். வலியால் துடித்த பசுவின்மேல் இரக்கம் கொண்டு ஊசி போட்டவர்கள். பாவிகள் வந்ததால் கழுகு வரவில்லை என்ற பழைய விடை அவர்களுக்குப் பொருந்தாது.

விளைவுகள் பறவையோடு முடியவில்லை. பாறுகள் உண்டுவந்த சடலங்கள் நாய்களுக்கு உணவாயின, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகியது. அழுகிய உடல்கள் நீர்நிலைகளைக் கெடுத்தன. பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, ஃபிராங்க், சுதர்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்பது அவர்கள் மதிப்பீடு. மும்பையில் பார்சி சமூகத்தார் தங்கள் இறந்தோரைப் பாறுகளுக்கு அளிக்கும் தொன்மையான வழக்கம் உடையவர்கள். பறவைகள் இல்லாமற்போனதால், அமைதிக் கோபுரத்தில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அவர்கள் நிறுவ நேர்ந்தது. ஒரு சமயத்தின் ஈமச்சடங்கையே ஒரு மருந்து மாற்றிவிட்டது.

அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006இல் தடைசெய்யப்பட்டது. தடை வந்தபின் மனிதருக்கான பெரிய ஊசிப்புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள்! நம்மவரின் சாமர்த்தியத்துக்கு இத்தகைய இடங்களில் குறைவில்லை. ஆகவே 2015இல் புட்டியின் அளவு 3 மில்லிக்குக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்த ஆணையை உறுதிசெய்தது. பாறுக்குக் கேடு விளைவிக்கும் கீட்டோப்ரோஃபென், ஏசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. பின்னர் நிமெசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஹரியாணாவின் பிஞ்ஜோரில் பாறுகளைப் பேணி இனப்பெருக்கம் செய்யும் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. தமிழகத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அண்டை மாநிலக் காடுகளையும் சேர்த்து அவற்றின் எண்ணிக்கை சில நூறுதான்.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, இது அரசும் விஞ்ஞானிகளும் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது இயல்பு. ஆனால் பக்தர்களின் கையிலேயே உள்ள இடம் ஒன்று இருக்கிறது. அது கோசாலை. நேர்த்திக்கடனாகப் பசுவும் கன்றும் தானம் செய்கிறோம். அமாவாசைக்கு அகத்திக்கீரை வாங்கித் தருகிறோம். பெற்றோர் நினைவு நாளில் தீவனத்துக்குப் பணம் கட்டி ரசீது பெறுகிறோம். தானமாக வரும் பசுக்களில் முதியனவும் நோயுற்றனவும் மிகுதி. வலிக்கு ஊசி போடும் தேவை அங்கே அடிக்கடி எழும். ரசீது வாங்கும்போதே நிர்வாகியிடம், "மாட்டுக்கு வலி, காய்ச்சல் என்றால் எந்த மருந்து போடுகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை. மெலோக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் ஆகிய இரண்டும் பாறுக்குத் தீங்கற்றவை என்று சோதித்து அறியப்பட்டவை, மாட்டின் வலியையும் தணிப்பவை, கடைகளில் கிடைப்பவை. வீட்டில் மாடு வளர்ப்போரும் கால்நடை மருத்துவரிடம் இவற்றையே கேட்டுப் பெறலாம். மருத்துவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கேட்பவர் இல்லாததுதான் குறை.

உடனடியாகப் பலனை எதிர்பார்க்க இயலாது. மஞ்சள்முகப் பாறு ஓர் ஆண்டில் இடுவது ஒன்று அல்லது இரண்டு முட்டைகள். குஞ்சு வளர்ந்து இணைசேரும் பருவத்தை எட்ட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மாயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவி, செஞ்சிப் பாறைகளைக் கடந்து, கழுக்குன்றம்வரை வந்து சேர அவற்றுக்கு எத்தனை தலைமுறை தேவைப்படுமோ! அமுது படைத்த பாறை அங்கேதான் இருக்கிறது. முற்பகல் வெயிலில் காற்றும் முன்போலவே அதன்மேல் எழுகிறது.